வானத்தில் விலாசம் தேடுவது எப்படி?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ செய்கிற வேலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசப்பா" என்றார். நான் தொழிற்சாலை மின்சார வேலையில் இருக்கிறவன். மோட்டார், பேனல், கேபிள் என்று பேசினால் உங்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். "சார், பகல் வேலை வேண்டாம். ராத்திரியில் செய்கிற வேலையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. நட்சத்திரம் பார்க்கிற வேலை என்று விளக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது!

விருந்துச் சாப்பாடு முடிந்த கையோடு எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். யாருக்காவது கண் செருகினால் தப்பே இல்லை. இரவில் வானம் பார்க்கப்போகிறவர்களுக்குப் பகல் தூக்கம் அவசியம்.

என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி இரண்டு. ஒன்று, "இதனால என்னப்பா பிரயோஜனம்?" அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்றது, "அதான் போன்லயே எல்லாம் வருதே, அப்புறம் எதுக்குத் தேடணும்?" போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தால் பெயர் வந்துவிடுகிறது, உண்மைதான். நான் அதற்கு விரோதி இல்லை. என் போனிலும் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். போனைப் பார்த்துக் கடகடவென்று பத்துப் பெயர் சொல்லுவான். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப காட்டு பார்க்கலாம்" என்றால் திருதிருவென்று முழிப்பான். அவன் பெயரைப் படித்தானே தவிர, வழியைக் கற்றுக்கொள்ளவில்லை.

நம் ஊரில் ஒருவர் வீட்டுக்கு எப்படி வழி சொல்லுவோம்? "பிள்ளையார் கோயில் வரைக்கும் வாங்க. அங்கிருந்து கிழக்கே திரும்பினா ரேஷன் கடை. அதைத் தாண்டி மூணாவது வீடு." வானத்திலும் அதே முறைதான். தெரிந்த நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாண்டி, தெரியாத இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படிப் போகிறவனுக்குப் போகிற வழியிலுள்ள தெருவெல்லாம் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய சொத்து என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் தேவையான சாமான்கள். இரண்டு கண், ஒரு கை.

வெளிச்சத்திலிருந்து வெளியே வந்தவுடன் வானத்தில் பத்துப் பதினைந்து நட்சத்திரம்தான் தெரியும். "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண்; மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். குறிப்பு எழுத டார்ச் வேண்டுமென்றால், அதன் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

கை எதற்கு? அளப்பதற்கு. கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரி. சுண்டு விரலின் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி. முழு நிலாவே அரை டிகிரிதான்! நம்பாதவர்கள் அடுத்த பௌர்ணமிக்குச் சுண்டு விரலால் நிலாவை மறைத்துப் பாருங்கள். குழந்தையின் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு. அதனால் கணக்கு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது.

அடுத்தது பெயர்கள். இதற்கு நாம் வெளிநாட்டுப் புத்தகத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் எழுதுகிறோம், அர்ச்சனைச் சீட்டில் சொல்லுகிறோம். "அது வானத்துல எங்கே இருக்கு?" என்று கேட்டால்தான் பதில் வராது. ஜோசியம் பார்க்கிறவர்களும் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. இந்த 27 பெயர்களும் நிலா போகிற பாதையில் முன்னோர்கள் நட்டு வைத்த மைல்கற்கள் என்பது மட்டும் நிச்சயம். நிலா ஒரு சுற்று வர ஏறத்தாழ 27 நாள். நாளொன்றுக்கு 13 டிகிரி, அதாவது ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதல்.

இதிலிருந்து ஒரு சுலபமான வழி கிடைக்கிறது. சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பாருங்கள். என்றைக்கு 'ரோகிணி' என்று போட்டிருக்கிறதோ, அன்று இரவு நிலாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக ஒரு பிரகாசமான நட்சத்திரம் நிற்கும். அதுதான் ரோகிணி. மேல்நாட்டார் அல்டெபரான் என்பார்கள். மகம், சித்திரை இரண்டையும் இப்படியே பிடித்துவிடலாம். சுவாதியும் திருவோணமும் நிலாவின் பாதையிலிருந்து மூன்று முஷ்டி வடக்கே தள்ளி இருப்பதால், அவற்றை வேறு வழியில் தேட வேண்டும்.

சரி, இந்தத் தை மாத இரவில் ஒரு நடை போய்வருவோமா? நிலா இல்லாத நாளாகப் பார்த்து ஒன்பது மணிக்கு வெளியே வாருங்கள். தலைக்கு மேலே, சற்றே தெற்கில், ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக நிற்கும். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை அது. நமக்கு இதுதான் பிள்ளையார் கோயில். எல்லா வழியும் இங்கிருந்துதான்.

பட்டையின் கோட்டைத் தென்கிழக்கே இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகமாக நீட்டுங்கள். பளீரென்று சிரியஸ். இரவு வானத்து நட்சத்திரங்களிலேயே பிரகாசமானது. அதே கோட்டை வடமேற்கே அதே அளவு நீட்டினால் ரோகிணி. இன்னும் ஒன்றரை முஷ்டி போனால் கொத்தாகக் கார்த்திகை. ஆறு நட்சத்திரம் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். சிரியஸிலிருந்து தெற்கே மூன்றரை முஷ்டி இறங்கினால் அகத்திய நட்சத்திரம். பிரகாசத்தில் இரண்டாவது இடம் அதற்குத்தான். லண்டன்காரர்களுக்கு அது அவர்கள் ஊரிலிருந்து ஒருநாளும் தெரியாது. நாம் மொட்டை மாடியில் நின்றாலே போதும்.

பட்டைக்கு வடகிழக்கே ஒரு முஷ்டி தூரத்தில் சிவந்திருப்பது திருவாதிரை. பட்டைக்குக் கீழே தொங்குகிற வாளில், நடுவில் ஒரு புள்ளி மட்டும் லேசாகக் கலங்கித் தெரியும். அங்கே பைனாகுலரைத் திருப்புங்கள். புகைமூட்டம் போல் ஒரு வெளிச்சம். புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கிற வாயு மேகம் அது, ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தூரத்தில்.

பைனாகுலர் என்றதும் விலை உயர்ந்ததாக நினைக்க வேண்டாம். 7×50 அல்லது 10×50 என்று போட்டிருக்கும் சாதாரணமானது போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் குறுக்களவு மில்லிமீட்டரில். இருட்டில் நம் கண்மணி அதிகபட்சம் 7 மி.மீ. அளவுக்கு விரியும். 50 மி.மீ. கண்ணாடி அதைப்போல ஏறத்தாழ 50 மடங்கு ஒளியை வாரிக்கொண்டு வருகிறது. படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்!

இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் கிழக்கே புனர்பூசமும் மகமும் நன்றாக மேலே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, புனர்பூசத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில், வெறும் கண்ணுக்கு மங்கலாக ஒரு திட்டு இருக்கும். பூச நட்சத்திரக்காரர்கள் கை தூக்குங்கள்! உங்கள் நட்சத்திரத்தின் இடம் அதுதான். பைனாகுலரில் பார்த்தால் அந்தத் திட்டு பத்துப் பத்தாக நட்சத்திரங்களாகச் சிதறும். 'தேன்கூடு' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

திட்டு தெரியாவிட்டால் நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தை உணர்கிற செல்கள் கண்ணின் நடு மையத்தில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. ஆகவே கொஞ்சம் தள்ளி வேறெங்கோ பார்ப்பது போல் பார்க்க வேண்டும். கடைக்கண் பார்வை! இந்தக் கலையை நம் கல்லூரியில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும்.

மே மாதத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இரவு பத்து மணி சுமாருக்குச் சித்திரை நட்சத்திரம் உச்சிக்கு வரும். அதிலிருந்து நேர் தெற்கே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். ஒமேகா சென்டாரி. பைனாகுலரில் பஞ்சுருண்டை போல் தெரியும். அந்த ஓர் உருண்டையில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள். தூரம் ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு. இதுவும் லண்டனிலிருந்து தெரியாது. நம் ஊர் தெற்கே இருப்பதால் கிடைத்த வரம்.

இனி, முதல் கேள்விக்கு வருகிறேன். பிரயோஜனம் என்ன?

பிரான்ஸ் நாட்டில் மெசியர் என்று ஒருவர். 18-ஆம் நூற்றாண்டுக்காரர். வால் நட்சத்திரம் தேடுவதே அவர் வேலை. தேடும்போது, வால் நட்சத்திரம் போலவே மங்கலாக இருந்துகொண்டு, ஆனால் நகராமல் ஏமாற்றுகிற திட்டுகள் நிறையக் குறுக்கிட்டன. எரிச்சலில் அவற்றையெல்லாம் பட்டியல் போட்டார். 1781-ல் அச்சான பட்டியலில் 103 இருந்தன. பிறகு சேர்த்ததோடு இன்று 110. 'இதைப் பார்த்து ஏமாறாதே' என்று போட்ட பட்டியல்தான் இன்றைக்கு உலகம் முழுக்க வானம் பார்க்கிறவர்களுக்குப் பாடப்புத்தகம்!

அந்தப் பட்டியலில் 70-வது, தனுசு ராசியில் ஒரு சின்னத் திட்டு. 1995 ஜூலை 23 இரவு. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் தாமஸ் பாப் என்பவர் நண்பர்களோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு தொலைநோக்கிகூடக் கிடையாது, நண்பருடையதில் பார்க்கிறார். 70-ம் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கல் திட்டு. வரைபடத்தைப் புரட்டினார்கள். அங்கே அப்படி எதுவும் இருக்கக் கூடாது! கொஞ்ச நேரம் பார்த்ததில் அது நகரவும் செய்தது. அதே இரவில், பக்கத்து மாநிலத்தில் ஆலன் ஹேல் என்ற வானியலாளரும் அதே 70-ம் எண்ணைப் பார்க்கப்போய் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் ஹேல்-பாப் வால் நட்சத்திரம். 1997-ல் மேற்கு வானத்தில் வெறும் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள்.

இன்னொன்று கேளுங்கள். விருச்சிகத்தின் தலைப்பக்கத்தில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். நம் அனுஷம் அதுதான். 2000-ஆம் ஆண்டில், அர்ஜென்டினாவைச் சேர்ந்த செபாஸ்டியன் ஒட்டேரோ என்ற அமெச்சூர், அந்த மூன்றில் நடு நட்சத்திரம் வழக்கத்தைவிட ஒரு துளி பிரகாசமாக இருக்கிறதே என்று கவனித்தார். எதை வைத்து? வெறும் கண்ணை வைத்து! பக்கத்து நட்சத்திரங்களின் பிரகாசம் அவர் மனசில் பதிந்திருந்தது. பிறகு அது பழைய பிரகாசத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்காக ஏறியது. பெரிய ஆய்வகங்களெல்லாம் அதன் பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பின.

ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார், 2022-ல் காலமானார். நூற்றுக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் எப்படி இருக்கும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார். தொலைநோக்கியை ஒவ்வொன்றாகத் திருப்புவார். ஏதாவதொன்றில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். இப்படிக் கண்ணால் மட்டுமே அவர் கண்டுபிடித்த வெடிக்கும் நட்சத்திரங்கள் 40-க்கும் மேல்.

நம்மவர்களும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் அதற்கு வைணு பாப்புவின் பெயர் வைத்தார்கள். அந்த பாப்பு 1949-ல், ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டவர். அதற்கும் முன்னால், 1867-ல், சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பிரகாசம் மாறிமாறி எரிகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்ன? தெருவை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். தெருவில் எல்லாரையும் தெரிந்தவனுக்குத்தான் புதிதாக ஒரு ஆள் நடந்து போனால் "யாரது?" என்று கேட்கத் தோன்றும். எங்கள் தொழிற்சாலையில் வயசான போர்மேன்கள் இருக்கிறார்கள். மீட்டர் காட்டுவதற்கு முன்னாலேயே, "சார், மோட்டார் சத்தம் மாறுது, பேரிங் பாருங்க" என்பார்கள். நல்ல மோட்டாரின் சத்தம் அவர்கள் காதில் வருஷக்கணக்கில் ஊறியிருக்கிறது. வானமும் அப்படித்தான். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் நம் திருவாதிரை நட்சத்திரம் மங்கியது. பக்கத்திலிருக்கும் ரோகிணியைவிடக் குறைந்துபோனது. எந்தக் கருவியும் இல்லாமல், தினமும் பார்க்கிற எவருக்கும் அது தெரிந்தது. பார்க்காதவர்களுக்குச் செய்தித்தாளில் வந்தது. தம்பிகளா, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் சரி, வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவன்தான் வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்கிறான். இந்தப் பயிற்சி மொட்டை மாடியில் இலவசமாகக் கிடைக்கிறது.

தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு வருஷம் கண்ணாலும் பைனாகுலராலும் பழகிவிட்டு வாங்குங்கள். '450 மடங்கு பெரிதாக்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கண்ணாடியின் மில்லிமீட்டர் அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பயன் இல்லை, 60 மி.மீ. என்றால் 120 மடங்கோடு சரி. கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்தத் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயையும் பிளைவுட்டையும் வைத்துத் தொலைநோக்கி செய்தார். அதைத் தெருவோரம் நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சனிக்கிரகம் காட்டினார். அவர் அமைத்த சுழல் பெட்டி முறையை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான விஷயம்.

நான் இங்கே விடுதியில் இருந்த காலத்தில், மின்சாரம் போன இரவுகளில் மாடியிலிருந்து பால்வீதி தெரிந்தது. நேற்று இரவு வந்து அதே மாடியில் நின்றேன். அரை மணி நேரம் கண்ணைப் பழக்கிய பிறகும் பால்வீதி இல்லை. கார்த்திகையில் நான்கு எண்ணுவதே பாடாக இருந்தது. உலகம் முழுக்க இதே கதைதான். மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால்வீதியைப் பார்க்க முடியாத இடத்தில் வாழ்கிறது என்று 2016-ல் ஓர் உலக வரைபடம் காட்டியது. 2023-ல் வந்த ஆய்வு இன்னும் கடுமை. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டதில், வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருக்கிறது. இந்த வேகத்தில், 250 நட்சத்திரம் தெரிகிற இடத்தில் பிறந்த குழந்தை, அதே இடத்தில் தனது 18-ஆம் வயதில் 100-தான் பார்க்கும். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இப்போது என்ன வயசு? 18, 19.

இது என் தொழிலைச் சேர்ந்த விஷயம் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். மேலே போகிற வெளிச்சம் யாருக்கும் உதவாத வெளிச்சம். அதற்கும் சேர்த்துத்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளி காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கிறது. "பெண் பிள்ளைகள் நடமாடுகிற இடம், இருட்டாக்கச் சொல்கிறாயா?" என்று பேராசிரியை ஒருவர் நேற்றுக் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லீங்க மேடம், பாதையில் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். கண்ணில் குத்துகிற விளக்கைவிட, மேலே மூடி போட்டுத் தரையை நோக்கித் திருப்பிய விளக்கில் பாதையில் வருகிற ஆளின் முகம் நன்றாகத் தெரியும். குறைந்த வாட்டிலேயே அந்த வேலை முடிந்துவிடும்.

ஆகவே முதல்வர் அவர்களிடம் இரண்டு விண்ணப்பம். விடுதி விளக்குகளுக்கு மூடி போட்டு, மஞ்சள் கலந்த விளக்காக மாற்ற அனுமதி கொடுங்கள். செலவை எங்கள் வகுப்பு மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். வேலையை நானே வந்து நின்று முடித்துத் தருகிறேன். இரண்டாவது, அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு, மாதம் ஒரு முறை, மைதானத்து விளக்குகளை இரண்டு மணி நேரம் அணைத்து வைக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரே விண்ணப்பம். இயற்பியல் துறையில் ஒரு கனமான நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். ஓரியனின் இரண்டு தோள், இரண்டு கால், இந்த நான்கு நட்சத்திரங்களுக்கு உள்ளே எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணி, தேதி, நேரம், பெயரோடு அதில் எழுதுங்கள். பட்டை மூன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். முதல் வரியில் நேற்று நான் எண்ணியதை எழுதியிருக்கிறேன்: 7. அடுத்த தை மாதம் நாங்கள் வரும்போது, அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம். எண் ஏறினால் விளக்குகளுக்குப் போட்ட மூடி வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்கினால் என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.

இன்று இரவு ஊருக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அந்த மூன்று நட்சத்திரம் உச்சியில் நிற்கும்.